வேளாண் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கை வாசிப்பது எப்படி

"விளைச்சல் குறைந்தது, ஆகவே இறக்குமதி கூடியது." எங்கள் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எழுதும் முதல் குறிப்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். வணிகப் புள்ளிவிவரங்களைப் பார்த்து, எந்த வளரும் நாடு எந்த விளைபொருளை ஏன் விற்கிறது, ஏன் வாங்குகிறது என்று எழுதுவது என் பிழைப்பு. மழைக்கும் விளைச்சலுக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மழை பொய்த்த ஆண்டில் கையில் டாலர் இல்லாததால் இறக்குமதி குறைந்துபோவதும் உண்டு. களஞ்சியம் நிரம்பி வழியும் ஆண்டில் ஏற்றுமதிக்குத் தடை விழுவதும் உண்டு. அதனால் வானிலைப் பக்கம் போவதற்கு முன் விலையைப் பாருங்கள் என்பேன். உலகச் சந்தையில் உள்ள விலை துறைமுகம் வழியாக உள்ளே வந்து வயலையும் சமையலறையையும் எட்டுவதற்குள் எங்கே மறிக்கப்படுகிறது, எவ்வளவு கழிகிறது என்று தேடினால் பாதி விடை கிடைத்துவிடும். அதைத் தேடும் முறையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பொருளைப் பிரியுங்கள், அளவைப் பிரியுங்கள்

"வேளாண் இறக்குமதி" என்று மொத்தமாக ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். அதில் கோதுமையும் இருக்கும், பாமாயிலும் இருக்கும், பருத்தியும் இருக்கும். ஒவ்வொன்றின் கதையும் வேறு. சுங்கத்துறைகள் பயன்படுத்தும் எச்.எஸ். குறியீட்டில் அரிசி 1006, கோதுமை 1001, காபி 0901, பாமாயில் 1511, கோகோ கொட்டை 1801. ஐ.நா.வின் காம்டிரேட் தளத்திலோ, உணவு வேளாண் அமைப்பின் ஃபாவோஸ்டாட் தளத்திலோ பொருள்வாரியாக எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்ததும் மதிப்பையும் எடையையும் இரண்டு வரிகளாகப் போடுங்கள். 2024 மார்ச்சில் கோகோ டன் 10,000 டாலரைத் தாண்டியது. மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் சரிந்ததுதான் காரணம். டாலர் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு அந்தக் காலம் பொற்காலமாகத் தெரியும். கப்பலில் ஏறிய மூட்டைகளை எண்ணினால் நிலைமை வேறு. மதிப்பை எடையால் வகுத்தால் வருவது சராசரி அலகு விலை. ஒரு நாட்டுக் கணக்கில் அதை மூன்றாவது வரியாகப் போடுவேன்.

இன்னொரு சின்னச் சோதனை. இறக்குமதி எடையை மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள். பெனின் என்ற சிறிய நாடு வாங்கிக்கொண்டிருந்த அரிசியை அந்நாட்டு மக்களால் தின்று தீர்த்திருக்கவே முடியாது. பெரும்பகுதி எல்லை தாண்டி நைஜீரியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்படியென்றால் பெனினின் அரிசி இறக்குமதியைத் தீர்மானித்தது பெனினின் வருமானமோ விளைச்சலோ கிடையாது. நைஜீரியாவின் இறக்குமதிக் கட்டுப்பாடு. 2015-இல் நைஜீரிய மத்திய வங்கி அரிசி உட்பட 41 பொருள்களை வாங்க அதிகாரபூர்வ அந்நியச் செலாவணி கிடையாது என்றது. 2019 ஆகஸ்டில் நைஜீரிய அரசு எல்லையையே மூடியது, 2020 டிசம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். பக்கத்து நாட்டை விட்டுவிட்டு ஒரு நாட்டைப் படிக்காதீர்கள்.

இரண்டு விலைகளைக் கணக்குப் போடுங்கள்

இதுதான் அடிப்படை வேலை. தாளும் பென்சிலும் போதும். ஒரு தானியம், ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலேறும் விலை டன் 400 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் கட்டணமும் காப்பீடும் 50 டாலர். நம் கற்பனை நாட்டின் நாணயத்தில் ஒரு டாலர் 100.

முதலில் இறக்குமதி. 450 டாலர் என்பது 45,000. சுங்க வரி 20% என்றால் 9,000 சேர்ந்து 54,000. துறைமுகச் செலவு, லாரி வாடகை, வட்டி எல்லாம் சேர்த்து 6,000. ஆக, தலைநகரக் கிடங்கில் வெளிநாட்டுத் தானியம் 60,000-க்கு வந்து இறங்கும்.

இப்போது ஏற்றுமதி. இதே தரத்தில் உள்நாட்டுத் தானியத்தை வெளியே விற்றால் கப்பலடியில் கிடைப்பது 400 டாலர், அதாவது 40,000. தலைநகரிலிருந்து துறைமுகத்துக்குக் கொண்டுபோக 6,000 கழித்தால் 34,000.

இந்த 34,000-க்கும் 60,000-க்கும் நடுவில் உள்ளூர் விலை எங்கே நின்றாலும் வணிகருக்கு வேலையில்லை. இறக்குமதி செய்தால் நட்டம், ஏற்றுமதி செய்தாலும் நட்டம். உள்ளூர் விலை 48,000 என்று வையுங்கள். விளைச்சல் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் எல்லையில் எதுவும் நகராது. விளைச்சலை வைத்தே எல்லாவற்றையும் விளக்க முயல்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

சரி, இப்போது நாணயம் சரிகிறது. டாலர் 150 ஆகிவிட்டது. இறக்குமதித் தானியம் 67,500, வரியோடு 81,000, உள்நாட்டுச் செலவு மாறாமல் இருந்தால் 87,000. ஏற்றுமதி செய்தால் 60,000-இல் 6,000 போக 54,000. உள்ளூர் விலை இன்னும் 48,000-இல் நிற்கிறது. ஒரு மணி கூட அதிகம் விளையவில்லை, ஆனால் லாரிகள் துறைமுகத்தை நோக்கித் திரும்பிவிடும். சில வாரங்களில் உள்ளூர் விலை 54,000-ஐ நெருங்கும். நகரத்தில் கூச்சல் எழும். அரசு ஏற்றுமதியைத் தடைசெய்யும். செய்தித்தாளில் கடைசி வரி மட்டும்தான் தலைப்பாக வரும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பழகினால் ஒவ்வொரு காரணியும் கணக்கின் எந்தப் படியில் நுழைகிறது என்று தானாகப் பிடிபடும். துறைமுகத்துக்கும் தலைநகருக்கும் நடுவில் லாரி வாடகை ஏறினால் அந்த இடைவெளி இருபுறமும் விரியும். அதனால்தான் கடற்கரையே இல்லாத நாடுகளில் உலக விலை இரட்டிப்பானாலும் உள்ளூர்ச் சந்தையில் சலனம் குறைவு. சாலை போட்டால் இடைவெளி சுருங்கும். அப்போது உழவருக்கு ஏற்றுமதி வாய்ப்பு வருகிறது, கூடவே வெளிநாட்டுத் தானியத்தின் போட்டியும் வருகிறது. சாலை போட்டால் ஏற்றுமதி பெருகும் என்று மட்டும் எழுதும் திட்ட அறிக்கைகளை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

எந்த டாலர் விலை?

மேலே 100, 150 என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். உண்மையில் பல வளரும் நாடுகளில் டாலருக்கு இரண்டு விலை இருக்கும்: வங்கி சொல்வது ஒன்று, தெருவில் கிடைப்பது ஒன்று. ஏற்றுமதியாளர் டாலரை வங்கி விலையில் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் இருந்தால், இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் அவர்மீது விழும் வரிதான். எந்த வரி அட்டவணையிலும் அது இருக்காது. நீங்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அர்ஜென்டினாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் சோயா மீது ஏற்றுமதி வரி 33%. அதிகாரபூர்வ விலையில் ஒரு டாலர் ஏறத்தாழ 140 பெசோ. கள்ளச் சந்தையில் கிட்டத்தட்ட அதன் இருமடங்கு. ஒரு டாலர் சோயா விற்றவருக்கு வரி போக 94 பெசோ கிடைக்கும். அந்தப் பணத்தைக் கொண்டுபோய்த் தெருவில் டாலராக மாற்றினால் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். பிறகு யார் விற்பார்கள்? சேமிப்புப் பைகளில் சோயாவை அடைத்து வயலிலேயே வைத்துக்கொண்டார்கள். அந்நியச் செலாவணி வற்றிப்போன அரசு, அந்த ஆண்டு செப்டம்பர் மாதத்துக்கு மட்டும் சோயாவுக்கு ஒரு டாலருக்கு 200 பெசோ என்று அறிவித்தது. தேங்கிக் கிடந்த சரக்கு வெள்ளமாய் வந்தது. அந்த மாத ஏற்றுமதி விற்பனை ஏறியதற்கு அறுவடையைக் காரணமாகச் சொல்ல முடியாது. சோயா அறுவடை அங்கே மார்ச் முதல் ஜூன் வரை.

எத்தியோப்பியாவில் இதன் மறுபக்கம். அங்கே காபியை நட்டத்துக்கு ஏற்றுமதி செய்த வணிகர்கள் இருந்தார்கள். கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் காபி விற்றால்தான் கையில் டாலர் வரும். அந்த டாலரைக் கொண்டு, உள்நாட்டில் தட்டுப்பாடாக இருக்கும் வேறு பொருளை இறக்குமதி செய்து விற்றால், காபியில் போனதைவிட அதிகம் திரும்ப வரும். அவர்களுக்குக் காபி என்பது டாலர் வாங்கும் வழி. 2024 ஜூலையில் பிர் நாணயத்தைச் சந்தையின் போக்கில் விட்டபிறகு இந்தக் கணக்கின் அடித்தளமே மாறிவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளை ஒரே வரைபடத்தில் ஒட்டிப் பேசாதீர்கள்.

இறக்குமதிப் பக்கம் டாலர் தட்டுப்பாடு இன்னும் அப்பட்டமாகத் தெரியும். 2022-இல் இலங்கையில் உணவுப்பொருள் கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்தில் வந்து நின்றும், பணம் கட்ட வங்கியில் டாலர் இல்லாமல் தேங்கிக் கிடந்தன. தேவை இருந்தது, சரக்கும் வந்திருந்தது, வாங்க ஆளும் இருந்தார்கள். ஆகவே ஒரு நாட்டின் இறக்குமதி திடீரென்று விழுந்தால் முதலில் மத்திய வங்கியின் கையிருப்பைப் பாருங்கள். எத்தனை மாத இறக்குமதிக்குத் தாங்கும் என்பதுதான் வழக்கமான அளவுகோல். மூன்று மாதத்துக்குக் கீழே போனால் நான் குறிப்பில் சிவப்பு மையால் எழுதுவேன்.

நாணயம் சரிந்தால் இறக்குமதி குறையும் என்று பாடப்புத்தகம் சொல்லும். எகிப்தில் 2016 நவம்பரில் பவுண்டு சில வாரங்களில் டாலருக்கு 9-க்குக் கீழிருந்து இருமடங்குக்குச் சரிந்தது. கோதுமை இறக்குமதி அதற்கேற்பச் சரிந்ததா? இல்லை. மானிய ரொட்டி 5 பியாஸ்டர் (பவுண்டில் நூற்றில் ஒரு பங்கு ஒரு பியாஸ்டர்) என்பது 30 ஆண்டுகளுக்கும் மேலாக மாறவே இல்லை, 2024 ஜூனில்தான் 20 பியாஸ்டர் ஆனது. விலை துறைமுகம் வரை வந்தது, அரசுக் கருவூலத்தில் நின்றுவிட்டது. வாங்குபவரின் கையை எட்டாத விலை ஏற்றம் எவருடைய பழக்கத்தையும் மாற்றாது. அதற்குப் பதில் பற்றாக்குறை நிதிநிலை அறிக்கையில் போய் உட்காரும். இப்படிப்பட்ட நாட்டில் இறக்குமதியை விளக்க வேண்டுமானால் மானியச் செலவைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

அரசின் கை

வரி, தடை, ஒதுக்கீடு, குறைந்தபட்ச ஏற்றுமதி விலை. இவற்றைத் தேதிவாரியாக ஓர் அட்டவணையில் எழுதி வைத்துக்கொண்டுதான் மாதாந்திர எண்களைத் தொட வேண்டும். இந்தியா 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடைசெய்தது. உலக அரிசி ஏற்றுமதியில் ஏறத்தாழ 40% அந்த ஒரு நாட்டின் கையில். அடுத்த சில வாரங்களில் தாய்லாந்து அரிசி விலை 15 ஆண்டுகளில் காணாத உயரத்துக்குப் போனது. 2024 செப்டம்பர் கடைசியில் தடை நீங்கியது. இடைப்பட்ட மாதங்களில் இந்தியாவின் ஏற்றுமதி விழுந்ததற்கும், எங்கோ இருக்கும் பிலிப்பீன்ஸ் அரிசிக்கு விலை உச்சவரம்பு வைத்ததற்கும், பிறகு இறக்குமதி வரியை 35%-லிருந்து 15%-ஆகக் குறைத்ததற்கும் ஒரே சங்கிலி.

தடை வந்தால் அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்தோனேசியா 2022 ஏப்ரல் 28 முதல் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. உள்நாட்டில் சமையல் எண்ணெய் விலையை அடக்கத்தான். சேமிப்புத் தொட்டிகள் நிரம்பின, ஆலைகள் பழக்குலை வாங்குவதைக் குறைத்தன, சிறு உழவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். மே 23-இல் தடையை எடுக்க வேண்டியதாயிற்று. நுகர்வோர் நகரத்தில் கூட்டமாக இருப்பார்கள், உழவர்கள் சிதறிக் கிடப்பார்கள். பெரும்பாலும் முதல் தரப்பே வெல்லும். இம்முறை இரண்டாம் தரப்பும் திரண்டுவிட்டது.

இறக்குமதி வரியில் ஒரு நுணுக்கம். உலக வணிக அமைப்பில் ஒவ்வொரு நாடும் "இதற்கு மேல் போகமாட்டேன்" என்று ஓர் உச்சவரம்பை ஒப்புக்கொண்டிருக்கும். உண்மையில் வசூலிப்பது அதைவிடக் குறைவாக இருக்கலாம். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக உள்ள நாட்டில் வரி ஆண்டுக்கு இரண்டு முறை கூட ஏறி இறங்கும். ஆகவே ஓர் ஆண்டின் சராசரி வரியை வைத்து மாத இறக்குமதியை விளக்க முடியாது. கீழே இறங்கிய வரி அப்படியே தங்கிவிடுவதும் உண்டு: ஹெய்ட்டி 1995-இல் அரிசி வரியை 50%-லிருந்து 3%-க்குக் கொண்டுவந்தது. மானியத்தோடு விளைந்த அமெரிக்க அரிசி சந்தையைப் பிடித்தது. உள்ளூர் நெல் சாகுபடி அதிலிருந்து மீளவில்லை.

மெதுவாக நகர்பவை

மேலே சொன்னவை மாதக் கணக்கில் அசையும். பத்தாண்டுக் கணக்கில் அசைபவை வேறு. வருமானம் கூடும்போது வயிற்றை நிரப்பும் தானியத்தின் பங்கு குறைந்து, எண்ணெய், இறைச்சி, பால், முட்டை கூடும். கோழிக்குத் தீவனம் வேண்டும். வியட்நாம் உலகின் பெரிய அரிசி ஏற்றுமதியாளர்களில் ஒன்று. அதே நாடு தீவனத்துக்காக மக்காச்சோளத்தையும் சோயாவையும் கப்பல் கப்பலாக வாங்குகிறது. "தன்னிறைவு பெற்ற நாடு" என்ற சொல்லை யாராவது சொன்னால், எந்தப் பொருளில் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

மரப்பயிர்களில் காலதாமதத்தை மறக்கவே கூடாது. 1994-இல் பிரேசிலில் உறைபனி காபிச் செடிகளைக் கருக்கியது, விலை எகிறியது. அந்த விலையைப் பார்த்து வியட்நாமில் நட்டார்கள். காபி காய்க்க மூன்று, நான்கு ஆண்டு ஆகும். எல்லோருடைய செடியும் ஒன்றாகக் காய்க்கத் தொடங்கியபோது சந்தை நிரம்பி வழிந்தது, 2001-ஐ ஒட்டி விலை பாதாளத்துக்குப் போனது. ஆகவே காபி, கோகோ, ரப்பர், பாமாயில் என்றால் இந்த ஆண்டு ஏற்றுமதியை விளக்க ஐந்தாறு ஆண்டுக்கு முந்தைய விலையைப் பாருங்கள்.

இடுபொருளிலும் இதே தாமதம் உண்டு. இலங்கை 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது, நவம்பரில் கைவிட்டது. உரத்துக்குக் கொடுக்கும் டாலரை மிச்சப்படுத்தும் எண்ணமும் அதன் பின்னே இருந்தது. நெல் விளைச்சல் சரிந்து அரிசி வாங்க வேண்டியதாயிற்று. டாலர் ஈட்டித்தரும் தேயிலையும் குறைந்தது. உரத்தை இறக்குமதிப் பட்டியலில் மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தத் தொடர்பு கண்ணில் படாது.

கச்சா எண்ணெய், கனிமம் விற்கும் நாடென்றால் இன்னொரு கேள்வி. அப்படி வரும் டாலர் உள்நாட்டு நாணயத்தை வலுப்படுத்தி உழவருக்கு ஏற்றுமதி விலையைக் குறைத்துவிட்டதா? 1970-களில் எண்ணெய்ப் பணம் கொட்டியபோது நைஜீரியாவின் நிலக்கடலையும் பாமாயிலும் உலகச் சந்தையில் இடம் இழந்தன. பொருளியலில் இதற்கு டச்சு நோய் என்று பெயர்.

வாங்குபவர் பக்கம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், உள்நாட்டுக் கணக்கு முடிந்தபிறகுதான் இது வேண்டும். வாங்கும் நாட்டின் தர விதி ஒரே நாளில் சந்தையை மூடும். டிரைசைக்ளசோல் என்ற பூஞ்சைக்கொல்லியின் எச்சம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018 தொடக்கத்திலிருந்து கடுமையாக்கியது. இந்திய பாசுமதி அங்கே இடம் இழந்தது, பாகிஸ்தான் பாசுமதி அந்த இடத்தைப் பிடித்தது. மூன்றாம் நாட்டின் சண்டையும் உதவும்: 2018 ஜூலையில் அமெரிக்க சோயாவுக்குச் சீனா 25% கூடுதல் வரி போட்டதும் பிரேசிலுக்கு அடித்தது யோகம். பணக்கார நாடுகளின் மானியம் உலக விலையையே கீழே அழுத்துகிறது என்று பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி நான்கும் பருத்திக்காக 2003-இல் உலக வணிக அமைப்பில் முறையிட்டன. பிரேசிலையும் மாலியையும் ஒரே தட்டில் வைத்து "வளரும் நாடுகள்" என்று எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஒன்று விலையை அசைக்கிறது, மற்றது விலைக்கு அசைகிறது.

எழுதி முடிப்பது

எல்லாக் காரணிகளையும் வரிசையாக அடுக்கி "இவை யாவும் பங்காற்றின" என்று முடிக்கும் குறிப்பை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். எது பெரியது என்று சொல்ல வேண்டும். அதற்கு எளிய வழி, பழைய தாளை எடுத்து ஒவ்வொரு காரணியாக மாற்றிப் பார்ப்பது. நம் கற்பனை நாட்டில் இறக்குமதி விலை 60,000-லிருந்து 87,000 ஆனது. நாணயம் 100-லேயே நின்று, கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த 50 டாலர் மட்டும் இரட்டிப்பாகியிருந்தால் 66,000 ஆகியிருக்கும். நாணயச் சரிவுக்கு 27,000, கப்பல் கட்டணத்துக்கு 6,000. எதை முதல் பத்தியில் எழுதுவது என்று இப்போது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது, அதே மழை பெய்த, ஆனால் வேறு கொள்கை கொண்ட அண்டை நாட்டைப் பக்கத்தில் வையுங்கள். இருவருக்கும் ஒரே சரிவென்றால் வானிலையையோ உலக விலையையோ குற்றம் சொல்லலாம். ஒருவருக்கு மட்டும் என்றால் காரணம் எல்லைக்குள் இருக்கிறது. அப்புறம், விற்ற நாட்டின் பதிவையும் வாங்கிய நாட்டின் பதிவையும் ஒப்பிடுங்கள். விற்றவர் கப்பலேறும் விலையிலும் வாங்கியவர் சரக்குக் கட்டணம் சேர்த்தும் பதிவதால் வாங்கியவரின் எண் கொஞ்சம் கூடுதலாக இருப்பது இயல்பு. எடையிலேயே பெரிய வித்தியாசம் வந்தால் கடத்தலோ, பொய்ப் பட்டியலோ, வழியில் மறு ஏற்றுமதியோ நடந்திருக்கலாம்.

கடைசி இரண்டு மாத எண்களை மட்டும் தனி நிறத்தில் போட்டு வையுங்கள். சுங்கத்துறைகள் அவற்றைப் பின்னால் திருத்தும். எண்ணை எடுத்த தேதியை அட்டவணையின் அடியில் எழுதுங்கள், மூன்று மாதம் கழித்து ஒருவர் வந்து "என் எண் வேறாக இருக்கிறதே" என்று கேட்பார்.